"அவருக்கு வேண்டாமாம்"

2013ஆம் வருஷம் ஜூன் மாதம் என் கணவருக்கு வந்த ஒரு போனை நான் அவரிடம் சொல்லவில்லை. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மறக்கவில்லை. மறைத்தேன்.

அவர் இப்போது இல்லை. இதைக் கேட்டு என்னைத் திட்டவோ மன்னிக்கவோ உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். அந்த போனுக்குப் பிறகு ஆறரை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு நாளும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது உங்கள் முன்னால் வந்து சொல்கிறேன். முழுவதையும் சொல்கிறேன். எனக்குச் சாதகமான சங்கதியும் இதில் ஒன்று உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதைக் காட்டி உங்களிடம் எதையும் கேட்க மாட்டேன்.

அவருக்கு ஊர் கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், தாமிரபரணியின் தென்கரை. கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கார், பிசானம் என்று இரண்டு போகமும் நெல். பூர்வீக வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தார்சா, பட்டாசால், இருட்டான ஓர் அறை, அடுப்படி, புறவாசல், கிணறு. தெருக்கோடியில் வாய்க்கால். வயலைத் தாண்டினால் ஆற்றுப் படித்துறை. சென்னையில் முப்பது வருஷம் இருந்த பிறகும் அவர் குளித்துவிட்டு வந்தால், "குளிச்சேன்" என்று சொல்ல மாட்டார். "மேலுக்கு ஊத்திக்கிட்டேன்" என்பார். குளிப்பது என்றால் அவருக்கு ஆற்றில் முங்குவது.

1994இல் மடிப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கினோம். முன்பணத்துக்கு வழியில்லை. அவர் ஊருக்குப் போய், வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தோடு வந்தார். மீதிக்கு நான் வேலை பார்த்த வங்கியில் வீட்டுக் கடன் போட்டேன். அதன் பிறகு யார் வந்தாலும் "என் லோனில் வாங்கின வீடு" என்றுதான் சொல்வேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "எங்கப்பா வீட்டை விட்டுக்கொடுத்து வாங்கின வீடு" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மின்வாரியத்தில் இருந்த அவர் 2006இல், ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருந்தது. அவர் காத்திருந்தார். காலையில் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டித் தருவார். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பார். "நீ ரிட்டயர் ஆகட்டும். ரெண்டு பேரும் ஊர்ல போய் இருந்துருவோம்" என்பார். நான் "பார்க்கலாம்" என்பேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். நான் அதை முடியாது என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே ஏழு வருஷம் அப்படியே விட்டேன்.

2013 சித்திரையில் அவர் மட்டும் ஊருக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தார். வந்த அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு வரைபடத் தாளை விரித்தார். டேப் வைத்து அளந்து, பென்சிலில் வரைந்திருந்தார். தம்பி சம்மதித்தால் வீட்டின் பின்கட்டை நமக்கென்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. எனக்கு முழங்கால் வலி என்பதால் புறவாசல் பக்கம் வெஸ்டர்ன் டாய்லெட். அதன் சுவரில் கைப்பிடிக்கு ஒரு சின்னக் கோடு. நின்றபடி சமைக்க மேடை. இன்வெர்ட்டருக்கு ஒரு மூலை. தாளின் ஓரத்தில், அந்த வீட்டிலிருந்து வங்கிக் கிளைக்கு எத்தனை நிமிஷ நடை என்றுகூட எழுதியிருந்தார். நான் சும்மா இருக்க மாட்டேன், கிளைக்குப் போய் நாலு பேரைப் பார்த்துவிட்டு வர ஆசைப்படுவேன் என்று யோசித்திருக்கிறார்.

"உனக்கு வேற என்ன வேணும், சொல்லு. போட்டுருவோம்" என்றார்.

"தாளை எடுங்க, தட்டு வைக்கணும்" என்றேன்.

ஏன் அன்றைக்கே முடியாது என்று சொல்லவில்லை? சொன்னால் ஏன் என்று கேட்பார். வெளியே சொல்லக்கூடிய காரணங்கள் என்னிடம் நிறைய இருந்தன. ஊரில் இதய ஆஸ்பத்திரி இல்லை. நெஞ்சுவலி என்றால் திருநெல்வேலிக்குத்தான் ஓட வேண்டும். 1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்த வெள்ளம். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வந்து போகத் தூரம். அப்போது மின்வெட்டு வேறு. சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களில் அதைப் போலப் பல மடங்கு. மின்வாரியத்தில் ஆயுசைக் கழித்த மனுஷரிடமே அதை எடுத்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லாம் உண்மையான காரணங்கள். ஒன்றுகூட என் காரணம் இல்லை.

என் காரணம் இதுதான். மடிப்பாக்கத்தில் நான் மேடம். முதுநிலை மேலாளராக ஓய்வு பெற்றவள். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். கிளைக்குள் போனால் இளம் மேனேஜர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டுவார். ஊரில் நான் யார்? பெரியவர் சம்சாரம். அவ்வளவுதான். தெருவில் எந்தக் கிழவியும் என்னை நிறுத்தி, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு இறங்க எனக்கு மனசில்லை. இறங்க என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். அன்று என் மனதில் இருந்த சொல் அதுதான்.

பயமும் இருந்தது. 1976இல் கல்யாணமாகி, சென்னைக்கு மாற்றல் கிடைக்கும் வரை எட்டு மாதம் அந்த வீட்டில் இருந்தேன். மாதத்தில் மூன்று நாள் புறவாசல் தாழ்வாரத்தில் தனித் தட்டு, தனிப் பாய். வங்கியில் மற்றவர்களின் ஆயிரக்கணக்கான ரூபாயை எண்ணிவிட்டு வந்து, அங்கே உட்கார்ந்து யாராவது சோறு போடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த அவமானம் நிஜம். ஆனால் மாமியார் 1998இலேயே போய்விட்டார். கடைசி வருஷங்களில் என்னிடம் பிரியமாகத்தான் இருந்தார். 2013இல் அந்த வீட்டில் என்னை அவமானப்படுத்த யாரும் இல்லை. பழைய காயத்தை நானே அவ்வப்போது கீறிப் பச்சையாக வைத்துக்கொண்டேன். அது எனக்குத் தேவைப்பட்டது.

மே 31ஆம் தேதி நான் ஓய்வு பெற்றேன். ஜூன் இரண்டாவது வாரம், காலை பதினொரு மணி இருக்கும். அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தரைவழி போன் அடித்தது. கொழுந்தனார்.

"மதினி, நல்லா இருக்கீயளா? அண்ணன் செல்லு அணைஞ்சு கிடக்கு. ஒரு முக்கியமான காரியம், அதான் இதுல அடிச்சேன்."

மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். வீட்டை விற்கப் போகிறார். அம்பாசமுத்திரத்தில் வாடகைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பதினொரு லட்சம் சொல்லியிருக்கிறார். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல, மதினி. அண்ணன் எடுத்துக்கிட்டா ஒம்பது குடுத்தாப் போதும். பாதி இப்ப, மீதி எப்ப முடியுதோ அப்ப. ஆனி முடியுமுன்ன ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

போன் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு நூல் கட்டித் தொங்கும். வங்கிக்காரியின் பழக்கம், கை தானாக எழுதியது. 11. அதன் கீழே 9. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

பணம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கிராஜுவிட்டிக்கு அன்றிருந்த உச்சவரம்பு பத்து லட்சம். அந்தப் பத்தும் அந்த வாரம்தான் என் கணக்கில் ஏறியிருந்தது.

"சொல்றேன்" என்று போனை வைத்தேன். தாளைக் கிழித்தேன். அடுத்த தாளில் எழுத்தின் அழுத்தம் பதிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒன்பதும் வட்டமும் தெரிந்தன. அதையும் கிழித்தேன். இரண்டையும் சேர்த்து மடித்து, காலையில் தட்டிய காபித் தூள் சக்கைக்குள் அழுத்திக் குப்பையில் போட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முதல் தாளை யாரும் பதற்றத்தில் கிழித்துவிடலாம். இரண்டாவது தாளைக் கிழித்தவள் யோசித்துக் கிழித்தாள்.

அரை மணி நேரத்தில் அவர் சர்க்கரைப் பையோடு வந்தார். "போன் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார். எப்போதும் கேட்பதுதான். "இல்லையே" என்றேன்.

மூன்று நாள் கழித்து, அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நானே கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். "கேட்டேன். அவருக்கு வேண்டாமாம்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வேண்டாம்னாரா? சித்திரையில வந்தப்ப டேப்பு வச்சு அளந்தாரே மதினி."

"அப்புறம் யோசிச்சிருக்கார். உடம்பும் முன்ன மாதிரி இல்லை. நீங்க இதைப் பத்தி அவர்கிட்ட பேச வேண்டாம், மனசு கஷ்டப்படுவார்."

"சரி மதினி" என்றார். அண்ணன் மேல் உள்ள மரியாதையில் அந்த மனுஷர் சொன்னபடி செய்தார். கதவைச் சாத்தியதோடு நிற்காமல் தாழும் போட்டது அந்த இரண்டாவது பேச்சுதான்.

கிராஜுவிட்டியோடு பி.எஃப். பணத்தில் கொஞ்சம் சேர்த்து, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பதினைந்து லட்சம் போட்டேன். அன்று ஒருவர் போடக்கூடியது அவ்வளவுதான். வட்டி 9.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். "வயசான காலத்தில் பணத்தைச் செங்கல்லில் முடக்கக் கூடாது" என்று அவருக்கு விளக்கினேன். பணக் கணக்கில் என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. அந்த நம்பிக்கையையும் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆவணியில் வீடு கைமாறியது. ஊர்க்காரர் ஒருவர் வேறு எதற்கோ பேசும்போது அவரிடம் சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு அவர் பால்கனியில் போய் நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார்.

நான் செய்ததிலேயே கேடானது எது என்று கேட்டால், போனை மறைத்ததைச் சொல்ல மாட்டேன். இந்த நிமிஷத்தைத்தான் சொல்வேன். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதிவு முடிந்துவிட்டது, வீடு இனி வராது. ஆனால் தம்பி மிஞ்சியிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காசுன்னு வந்துட்டா அண்ணனாவது தம்பியாவது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய்விட்டது. ஐந்து வருஷம் தம்பியோடு பேசவில்லை. 2015இல் அந்தத் தம்பி மகளுக்குக் கல்யாணம். எந்தக் கல்யாணத்துக்காக வீடு போனதோ அதே கல்யாணம். பத்திரிகை வந்தது. "போகலை" என்றார். நான் வற்புறுத்தவில்லை. போனால் இருவரும் பேசிக்கொள்வார்கள் என்று பயந்தேன். ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கிக் கூரியரில் அனுப்பினேன். பெரியப்பா இல்லாமல் அந்தப் பெண் மணையில் உட்கார்ந்தாள்.

அந்த டிசம்பரில்தான் சென்னையில் வெள்ளம். எங்கள் குடியிருப்பில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். நாங்கள் முதல் மாடி. மூன்று நாள் மின்சாரம் இல்லை, பால் இல்லை. 1992ஐச் சொல்லி அவர் வாயை அடைத்தவள் நான். அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை. படிக்கட்டில் நின்று கருப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சாதகமான சங்கதி ஒன்று என்றேனே, அது 2016இல் நடந்தது. ஒரு நள்ளிரவில் அவருக்கு நெஞ்சுவலி. பதினைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. விடிவதற்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். ஊரில் இருந்திருந்தால் திருநெல்வேலி போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளைம்மா, நீ ஊருக்குப் போக விடலை" என்றாள். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். பல ராத்திரி அதைத் தலையணையாக வைத்துத் தூங்கினேன். ஆனால் அந்த இரண்டாவது தாளைக் கிழித்தபோது நான் அவருடைய இதயத்தைப் பற்றி நினைக்கவில்லை. நாற்காலியைக் காட்டும் மேனேஜரைப் பற்றித்தான் நினைத்தேன். பின்னால் நடந்த ஒரு நல்லதை முன்னால் செய்த காரியத்துக்குக் காரணமாக எழுத எனக்கு உரிமை இல்லை.

2018 அக்டோபரில் தாமிரபரணியில் மகா புஷ்கரம். 144 வருஷத்துக்கு ஒரு தடவை என்றார்கள். "இதுக்காவது போயிட்டு வருவோம்" என்றார். மறுக்க முடியவில்லை. திருநெல்வேலியில் இறங்கி, கார் வைத்துக்கொண்டு போனோம். முதலில் தெருவுக்குப் போகச் சொன்னார். தார்சா இருந்த இடத்தில் இரண்டு கடைகள், ஷட்டர் போட்டு. பழைய மரத்தூண் ஒன்று ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. அதில் யாரோ சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அவர் காரை விட்டு இறங்கவில்லை.

படித்துறையில் ஒரே கூட்டம். மூன்று முங்கு முங்கிவிட்டு, துண்டைப் பிழிந்துகொண்டே மேலே ஏறினார். மேல் படியில் கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார். அவரும் குளிக்க வந்திருக்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பிதான் முதலில் பேசினார்.

"அண்ணே, என் மேல என்ன கோவம்? ஒம்பதுக்கே தாரேன், நீங்க எடுத்துக்கிடுங்கன்னுதானே சொன்னேன். உங்களுக்கு வேண்டாம்னு மதினி சொன்னாவ. அதுக்கப்புறம்தானே வெளியாளுக்குக் குடுத்தேன்?"

துண்டைப் பிழிந்த கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். யார் இவள் என்று அடையாளம் பார்ப்பது போல இருந்தது. பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"ஆமாடே. அப்ப எனக்கு மேலுக்கு முடியல. அதான் வேண்டாம்னுட்டேன். உன் மேல ஒரு கோவமும் இல்ல."

என் பொய்யை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அதனால் அவர் தம்பி கண்ணில் என்னவாக ஆனார் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த வீட்டை வேண்டாம் என்று சொன்னவர். சொல்லிவிட்டு, தம்பி மேலேயே வருத்தம் வைத்துக்கொண்டு மகள் கல்யாணத்துக்குக்கூட வராதவர். நான் மூன்றடி தள்ளி, அவருடைய உலர்ந்த வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி ரயிலில் எதிரெதிர் கீழ்ப்படுக்கை. கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் காலைப் பிடித்துவிடுவது என்று இருந்தேன். விருதுநகர் தாண்டியதும், "பிரஷர் மாத்திரை போட்டியா?" என்றார். "போட்டேன்" என்றேன். போர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் கேட்காமல் நானாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் பதில் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

2019 கோடையில் சென்னை வறண்டது. எங்கள் போர்வெல் காற்றை இழுத்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஓட வேண்டும். எழுபத்தொரு வயது, நெஞ்சில் ஸ்டென்ட். அவர் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தையும் ஒரு ஆரஞ்சுக் குடத்தையும் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். சங்கச் செயலாளர் என்ற முறையில் லாரிக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். குடத்தை மேலே கொண்டுவந்து வைத்தவர், கீழே சிந்தியதை உள்ளங்கையால் வழித்துத் தொட்டிச் செடிக்கு விட்டார். ஆற்றங்கரையில் பிறந்த மனுஷர்.

2020 ஜனவரியில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆஸ்பத்திரி பதினைந்து நிமிஷ தூரத்தில்தான் இருந்தது.

அஸ்தியைக் கொழுந்தனார்தான் ஊருக்குக் கொண்டுபோனார். மண் கலயத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "வேண்டாம்னு சொன்ன ஊருக்கே அண்ணனைக் கூட்டிட்டுப் போறேன் மதினி" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னார். அப்போதும் நான் சொல்லவில்லை.

ஐந்து வருஷம் போயிற்று. போன மாதம் கொழுந்தனாருக்கு போன் செய்தேன். தேதி, தொகை, கிழித்த தாள், இரண்டாவது போன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். படித்துறையில நீங்க சொன்னப்பதான் தெரியும்."

"அப்ப அவுக அன்னைக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார். இதை எழுதும் இன்று வரை அவர் கூப்பிடவில்லை.